நாற்பதாவது குழந்தை

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுவது. நீ நலமா என்று கேட்கப்போவதில்லை. இன்னும் இரண்டு வருடம் அந்த வெளிநாட்டிலேயே வேலை பார்க்கக் கையெழுத்துப் போட்டவள் நலமாகத்தான் இருப்பாய். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய் என்றுதான் கடிதம்.

உன் மகளுக்கு ஆபரேஷன் முடிந்தது. மூக்குக்குப் பின்னால் வீங்கிக் கிடந்த அடினாய்டு சதையை எடுத்துவிட்டார்கள். இப்போது வாயை மூடிக்கொண்டு தூங்குகிறாள். முன்பு விட்ட குறட்டைக்கு, படுத்திருப்பது ஆறு வயதுப் பிள்ளையா லாரி டிரைவரா என்று சந்தேகமே வரும்.

எடுத்த சதை எங்கள் லேபுக்குத்தான் வந்தது. வீங்கிய அடினாய்டில் எந்த செல் எவ்வளவு என்று எண்ணுவதுதான் ஒரு வருடமாக என் வேலை. சண்டைக்குப் போகிற செல் ஒரு வகை, போதும் நிறுத்து என்று அதை அடக்குகிற செல் இன்னொரு வகை. உன் மகளுக்கு முதல் வகை பெருகிக் கிடந்தது. இரண்டாவது பேருக்குத்தான் இருந்தது. நம் வீடு மாதிரியேதான். நீயும் நானும் முதல் வகை. அடக்க அம்மா இருந்தாள், அவளும் போய்ச் சேர்ந்தாள்.

அந்த ஆராய்ச்சிக்கு நாற்பது குழந்தைகள் வேண்டும். முப்பத்தொன்பதில் நின்றுவிட்டது. முடிந்தால் கட்டுரையில் என் பெயரும் வரும் என்று பெரிய டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் ஆபரேஷனுக்கு முந்தைய ஆறு வாரத்தில் மூக்கில் ஸ்பிரே அடித்த பிள்ளையைச் சேர்க்க மாட்டார்கள், மருந்து செல்களின் அளவை மாற்றிவிடும். உன் மகளுக்கோ வீக்கம் வடிய அதைத் தினமும் இரண்டு வேளை அடிக்கச் சொல்லியிருந்தார் காது மூக்கு டாக்டர். பதினைந்து வருடத்தில் நான் எந்தப் படிவத்திலும் பொய் எழுதியதில்லை. இதிலும் எழுதவில்லை. ‘மருந்து அடிக்கவில்லை’ என்பது உண்மையாக இருக்க வேண்டும் என்று பாட்டிலை அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டேன். காப்பாளர் என்ற இடத்தில் கையெழுத்தும் நான்தான் போட்டேன்.

சதை இன்னும் வீங்கி இரண்டு காதிலும் நீர் கட்டியது. கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். டீச்சரும் புகார் சொன்னாள். உன்னைப் போலவே திமிர் என்று சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னேன். நிற்காமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கும் ஓர் அறை கொடுத்தேன்.

ஞாயிறுதோறும் நீ கூப்பிட்டபோதும் அவள் பேசவில்லை. உன்மேல் கோபம், உன்னை மறந்துகொண்டு வருகிறாள் என்று நான்தான் சொன்னேன். நீ அழுதாய். பிள்ளையை என் தலையில் கட்டிவிட்டுப் போனவள் அழுவதைக் கேட்க எனக்கு இனித்தது. அடுத்த வாரமே நீ அங்கே கையெழுத்துப் போட்டாய். கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டாய்.

ஆபரேஷனுக்கு ஒரு வாரம் முன்பு இடது காதில் சீழ் பிடித்து ஜவ்வு கிழிந்தது. வலது காது தெளிந்துவிட்டது. இடது காதில் கேட்கும் திறன் முழுதாகத் திரும்பாது என்று நேற்று சோதித்துச் சொன்னார்கள். மருந்து ஒழுங்காக அடித்தீர்களா என்று காது மூக்கு டாக்டர் கேட்டார். அடித்தோம் என்றேன். வாயால் சொல்வது படிவம் இல்லையே.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது உன் மகள் கேட்டாள்: “பெரியம்மா, அம்மா ஏன் போன்ல பேசவே மாட்டேங்குறாங்க? வெறும் இரைச்சல்தான் வந்துச்சு. நான் வைக்காம புடிச்சிட்டேதான் இருந்தேன்.”

விடிந்ததும் பேனாவை எடுத்தேன்.

நீ அங்கே போட்ட கையெழுத்தை மாற்ற முடியுமா என்று கேட்டுப் பார். முடியாவிட்டால் இந்த ஞாயிறு கூப்பிடு, போனை வலது காதில் நானே பிடிக்கிறேன். நேரில் வந்தால் அவளுக்கு வலது பக்கம் உட்கார்ந்து பேசு. எனக்கு இடது பக்கம் போதும்.

நீயும் அவளும் ஒரே வீட்டில் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அக்கா