சணப்பு வேரில் முடிச்சு

அக்கா,

சாப்பாடு அடுப்பு மேல் மூடியிருக்கிறது. அதைத் திறப்பதற்கு முன் தோட்டத்துக்கு ஒரு நடை போய்ப் பார்.

அடுத்து வைக்கப்போகும் தக்காளிக்கு மண்ணில் உரமாகட்டும் என்று நீ விதைத்த சணப்புச் செடிகளில் பாதியைப் பிடுங்கிவிட்டேன். பூத்ததும் வெட்டி மண்ணுக்குள் மடக்கத்தான் சொன்னாய். வெட்டும்போது ஒரு செடி வேரோடு வந்தது. வேரெல்லாம் முடிச்சு முடிச்சாக இருந்தது. போன வருடம் தக்காளி வேரிலும் முடிச்சுதான், நோய் என்று எல்லாவற்றையும் எரித்தாயே! பரவுவதற்குள் என்று மளமளவெனப் பிடுங்கினேன்.

பக்கத்து வீட்டுத் தையல்கார அத்தை வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "அடிப்பாவி, சணப்புல அந்த முடிச்சுதான்டி உரமே!" என்று கத்தினார். ஒன்றை நசுக்கினேன். உள்ளே சிவப்பு. நோய் என்றாலும் சிவப்பாக இருக்குமோ என்னவோ, எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிடுங்கியதை எரிக்காமல் ஈரச்சாக்கால் மூடியிருக்கிறேன்.

கடை வேலை முடிந்து ஆறு மணிக்கு வருவேன்.

இன்னும் ஒன்று. "பள்ளிக்கூடம் மாதிரி இதையும் பாதியில விட்டுடாதே" என்று நேற்று சொன்னாய். பாதியில்தான் விட்டிருக்கிறேன். தெரியாமல் மீதியையும் கெடுக்கக் கை வரவில்லை. திட்டுவதானால் திட்டு. ஆனால் எது சரி என்று சொல்லிவிட்டுத் திட்டு.