கூகைக்குன்றின் தீயும் மதகுக் காவலர் உயிரும்

ஆழித்துறை காவலர், முத்துக்குடை உடையார், வேந்தர் அவையில் முதல் இருக்கை பெற்றவர், தென்கரை நாடாளும் நெடுங்கோடனார் திருமுன்புக்கு, வடகரை நாடு காக்கும் சாத்தையன் விடுக்கும் ஓலை. உம் துறையில் கலம் நிறைக. களத்தில் நெல் நிறைக. மக்கள் வயிறு குளிர்க.

இதனை நம் கையாலேயே எழுதுகிறோம். ஏரிக்கரையில் மண் சுமந்து நின்ற நம் கழுத்தில் பட்டத்து யானை மாலையிட்ட பிறகே எழுத்தாணி பிடித்தோம். ஆதலின் வரி கோணியிருந்தால் பொறுத்தருள்க.

சென்ற முழுமதிக்கு மறுநாள் மாலை, உம் எல்லைக்குள் நிற்கும் கூகைக்குன்றின் உச்சியில் மூன்று தீ எரிந்தன. மூன்று தீ என்றால் வெள்ளம் வருகிறது, மதகைத் திற என்பது நம் நாட்டுக் குறி. நம் காவல் குன்றுக்கு நேர் பின்னே உம் குன்று நிற்பதால், ஏரியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றே. குறி கண்டால் கேள்வி கேளாமல் திறப்பது மதகுக் காவலர் நெறி. அவ்வாறே காவலர் தாழையன் திறந்தார். வெள்ளம் ஏதும் வரவில்லை. அரிவாள் வைக்க இருந்த வயல்கள்மீது ஏரியே வெள்ளமாக இறங்கிற்று.

உம் தூதர் வெண்ணாகனார் நம் அவையில் சிரித்தபடி உரைத்தது இது. தென்கரை வீரன் எவனும் எல்லை தாண்டவில்லை, அம்பு ஒன்றும் பறக்கவில்லை, ஆயுதம் ஏந்தியவன் கால் எல்லை மிதிப்பதே போர் என்பது வேந்தர் உடன்படிக்கை, ஆகவே இது போர் ஆகாது. ஆட்டிடையர் எவரேனும் குளிர் காய்ந்திருப்பர் என்றார். அதோடு விட்டாரா? நம்மை நோக்கி, உம் மகள் திருமணத்தில் எம் துறைமுக விளக்குகளை விஞ்ச வேண்டுமென்று தீக்குறி அத்தனையையும் விருந்தினருக்குக் காட்டி மகிழ்ந்தவர் நீர்தாமே ஐயா, பூட்டையும் சாவியையும் தாம்பாளத்தில் வைத்து நீட்டிவிட்டு வீடு திருட்டுப் போயிற்று என்றால் யாரை நோவது என்றும் கேட்டார். நம் அமைச்சரிலேயே இருவர் வாய்பொத்திச் சிரித்தனர்.

காட்டியது உண்மை. உம் துறை விளக்கைக் காணும்தோறும் நமக்கு வயிறு எரிவதும் உண்மை. நீர் பேசினால் வேந்தர் அவை தலையாட்டுகிறது, நாம் பேசினால் காதைச் சொறிகிறது, அதற்கும் எரிகிறது. ஆயினும் நம் பொறாமை உம் குன்றில் ஏறித் தீ மூட்டவில்லை. கதவு திறந்து கிடந்தது என்பதால் புகுந்தவனுக்கு வீடு சொந்தமாகிவிடாது. கால் பதியாமல் வரும் கேட்டினை அதனால் விளைந்த அழிவைக் கொண்டே அளக்க வேண்டும். தம் மண்ணில் எரிந்த தீக்கு அம்மண்ணின் வேந்தரே விடை சொல்ல வேண்டும். ஏவியவர் நீர் என்று நாம் சொல்லவில்லை. மூட்டியவன் யாரென்று தேடித் தருவது உம் கடன்.

பொய் விளக்குக் காட்டி உம் கலங்களைப் பாறையில் ஏற்றிவிடலாம் என்றார் நம் படைத்தலைவர். அந்த ஆசை நம்மிடமும் ஒரு பகல் முழுதும் இருந்தது. பாறையில் மோதிச் சாகப்போவது வலைஞர் என்பதால் மறுத்தோம். நீர் கட்டும் புதிய விளக்குமாடத்துக்கு நம் மலையிலிருந்து இறங்கும் கருங்கல்லை மட்டும் நிறுத்தியிருக்கிறோம். விடை வந்ததும் விடுவோம். அம்மாடம் அரைகுறையாய் நிற்பது நமக்குச் சற்று இனிக்கவும் செய்கிறது.

இனி, தலையாய செய்தி. குறியில்லாமல் மதகைத் திறந்தவருக்குக் கழுமரம் என்பது நம் நாட்டுச் சட்டம். எரிந்தது இடையர் தீ என்று நீர் நிற்பீராயின் தாழையன் குறியில்லாமல் திறந்தவர் ஆகிறார். யானை தந்த அரியணையில் இருப்பவன் சட்டத்தை வளைத்தால் நம் அவை பொறுக்காது. இவ்வோலையை உம் கையில் தருபவர் அத்தாழையனே. அவருக்கு எழுத்துத் தெரியாது.

எரிந்தது தீக்குறியே என்று ஒரு வரி எழுதி, உம் இலச்சினை பொறித்து, அவரிடம் கொடுத்தனுப்புக. அவ்வரியை எழுத உமக்கு மனம் வாராதெனில், அவரை இக்கரைக்குத் திருப்பி அனுப்பற்க. ஏதேனும் ஒரு வாய்க்காலில் வேலை கொடுத்து அங்கேயே வைத்துக்கொள்க. மனைவி மக்களை அடுத்த ஓடத்தில் நாம் அனுப்பிவைப்போம்.

வடகரை இலச்சினை பொறித்தோம். இவ்வண்ணம் செய்க.