ஏலத்துக்குப் போன புத்தக ஸ்டாண்டு

அக்டோபர் 3, வியாழன்

கோடை விடுமுறையில் வாங்கிய, நாலு பக்கமும் சுழலும் புத்தக ஸ்டாண்டு இன்னும் முன்னறையில் வெறுமனே நிற்கிறது. ரிட்டயர் ஆனதும் வாசலில் புத்தகக் கடை போடுவேன் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லியிருந்தேன். புத்தகங்களோ கட்டிலுக்கு அடியில் கட்டுப் பிரிக்காமல் கிடக்கின்றன. இந்த மில்லர்புரத்தில் யார் வந்து வாங்கப்போகிறார்கள்? வீட்டுக்காரர் அதில் ஹெல்மெட்டை மாட்டியிருக்கிறார்.

அக்டோபர் 5

இன்றைக்கு ஈரத் துண்டு. "பேசாம இதக் கோயிலுக்குக் குடுத்துருங்க" என்று கத்தினேன். அவர் துண்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அக்டோபர் 12, சனி

ஸ்டாண்டைக் காணோம்! நாளைய சர்ச் ஸ்தோத்திரப் பண்டிகையில் காணிக்கைப் பொருட்களை விடும் ஏலத்துக்குக் கொடுத்துவிட்டாராம். "நீதாம்ளா குடுக்கச் சொன்ன?" என்கிறார். கோவத்துல சொன்னதயெல்லாமா ஒரு மனுஷன் எடுத்துக்குவாரு? கோயிலுக்கென்று போனதைத் திருப்பிக் கேட்கவா முடியும்? ஒரு பக்கம், விட்டது தொல்லை என்றும் இருக்கிறது. அப்புறம் ஏன் அழுதேன்? தெரியவில்லை.

அக்டோபர் 13, ஞாயிறு

ஆராதனை முடிந்து ஏலம். சேவல், வாழைத்தார், பூசணிக்காய், அடுத்து என் ஸ்டாண்டு. ஏலம் விட்ட உபதேசியார் அதைச் சுழற்றிக் காட்டினார். கொடுத்தவர்களே ஏலம் கேட்டுத் திரும்ப எடுப்பதும் நம் கோயிலில் உண்டுதான். வீட்டுக்காரர் கேட்பார் என்று நான் பேசாமல் இருந்தேன். "வேணும்னா நீயே கேட்டுருப்பன்னுலா நெனச்சேன்" - வீட்டுக்கு வந்தப்புறம் சொல்லுதாரு!

எடுத்தவர் தெரு முக்கில் கடை வைத்திருக்கும் அய்யாக்குட்டி அண்ணாச்சி. வருஷா வருஷம் சேவலுக்காக வருகிறவர், இந்த முறை ஸ்டாண்டையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அக்டோபர் 16

கடை வாசலில் என் ஸ்டாண்டு. மூன்று பக்கமும் சிப்ஸ், முறுக்கு. "இந்தப் பக்கம் மட்டும் ஏன் அண்ணாச்சி சும்மா கெடக்கு?" என்று கேட்டேன்.

"எங்கிட்ட சரக்கு அவ்வளவுதான் டீச்சர். ஒங்க பொஸ்தகத்தக் கொண்டாங்களேன். விக்கலைன்னா எடுத்துட்டுப் போங்க."

விறுவிறுவென்று வீட்டுக்கு வந்துவிட்டேன். முறுக்குக்குப் பக்கத்திலா என் புத்தகம்?

அக்டோபர் 17

கொண்டுபோகவா, வேண்டாமா?

அக்டோபர் 19

ஒரு புத்தகக் கட்டை மட்டும் பிரித்தேன். இவர்தான் பைக்கில் கொண்டுபோய் அடுக்கினார். நான் ரோட்டுக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டேன். என்ன வெட்கமோ!

அக்டோபர் 23

பால் வாங்கப் போனேன். மேல் தட்டில் ஒரு புத்தகம் இல்லை. காற்றில் விழுந்திருக்குமோ என்று குனிந்து தேடினேன்.

"அத வித்தாச்சு டீச்சர்" என்றார் அண்ணாச்சி.

யார் வாங்கினார்கள் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து, கட்டிலுக்கு அடியிலிருந்து அடுத்த கட்டை இழுத்துப் பிரித்துக்கொண்டிருந்தேன். இவர் வந்து எட்டிப் பார்த்தார்.

"ஏளா, பால் எங்க?"