பச்சைத் திரைக்கு முன் எடுத்த படங்கள்

ஆபான் 5, சனி

ஆபான் மாதம் பிறந்ததிலிருந்து மழை; இன்றும்தான். கியூமர்ஸ் மீன்கடையிலிருந்து வந்ததும், கையைக்கூடக் கழுவாமல், என் போனைப் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்தான். திருப்பித் தந்தபோது திரையில் செம்பட்டை முடியோடு ஒரு மணப்பெண் இளித்தாள். உற்றுப் பார்த்தால் மீசை. என் புருஷனேதான்!

யாருக்கு எந்த முடி நிறம், எந்தக் கல்யாண அலங்காரம் பொருந்தும் என்று முன்கூட்டியே காட்டும் செயலியாம். என் பார்லருக்கு உதவுமாம். வழக்கமான இடத்தில் அதற்குச் சந்தா கேட்கிறார்கள். இவன் பெயர் தெரியாத வேறொரு செயலிக் கடையில் அதையே இலவசமாகப் பிடித்திருக்கிறான். போட வேண்டாம் என்று போன் எச்சரித்ததாம்.

"அது அப்படித்தான் பயமுறுத்தும், ஃபிரூஸே ஜான். என்னைக் கட்டிக்கும்போது உங்கம்மா பயமுறுத்தலையா?"

போனெல்லாம் மீன் வாடை. துடைக்கத் துடைக்கச் சிரிப்பு.

ஆபான் 9, புதன்

வழக்கம்போல் பார்லரின் பச்சைத் திரைக்கு முன் நிறுத்திப் படமெடுத்து, செயலியில் போட்டுக் காட்டுகிறேன். வருகிற பெண்களுக்கெல்லாம் அது பிடித்துவிட்டது. போன்தான் அடுப்பில் வைத்ததுபோல் சுடுகிறது. மதியத்துக்குள் சார்ஜ் காலி.

ஆபான் 12, சனி

பள்ளிக்கூட டீச்சர் மாந்தானா வந்தாள். உட்காரவில்லை. தன் போனை நீட்டினாள். ஏதோ முடிச்சாய விளம்பரம். அதில் அவள் — தலையை மூடாமல், போன மாதம் நான் போட்டுவிட்ட தேன் நிறத்தோடு.

"பின்னாடி பாரு. உன் பச்சைத் திரை. இந்தப் படம் உன் போன்ல மட்டும்தான் இருந்துச்சு."

நான் குடுக்கல. சத்தியமா யாருக்கும் குடுக்கல.

"என் மாமியார் பாத்தா நான் என்ன சொல்லுவேன்?" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் பரவாயில்லை.

சாயங்காலம் போன் பழுதுபார்க்கும் பஹாரேயிடம் நானும் கியூமர்ஸும் ஓடினோம். "முடி நிறம் மாத்துறதுக்கு உங்க குறுஞ்செய்தி எதுக்குண்ணா? தொடர்பு எண்ணெல்லாம் எதுக்கு? கேட்டதுக்கெல்லாம் சரி, சரின்னு அழுத்தியிருக்கீங்க." நிஜச் செயலியைப் பிரித்து, உள்ளே திருட்டு வேலையை நுழைத்து, அதே பெயரில் அந்தக் கடையில் வைத்திருக்கிறார்கள். அங்கே சோதித்துப் பார்க்க ஆளில்லை. நான் எடுத்த பெண்களின் படங்கள் அத்தனையும் போய்விட்டன.

"திரும்ப வாங்க முடியாதா?" என்றான் கியூமர்ஸ்.

"இனிமே போகாம நிறுத்தலாம். அவ்ளோதான்."

ஆபான் 13, ஞாயிறு

கியூமர்ஸ் சாப்பிடவில்லை. சுட்ட கத்திரிக்காயும் முட்டையும் என்றால் அவனுக்கு உயிர். தட்டிலேயே ஆறிப்போனது. கத்தத்தான் நினைத்தேன். அந்த முகத்தைப் பார்த்து எப்படிக் கத்துவது?

படம் போன மற்ற பெண்களிடம் சொல்வதா? அவர்களுக்குத் தெரியாமலே போய்விடுமோ? சொன்னால் தொழில் படுத்துவிடும். சொல்லாம அவங்க தலையில எப்படிக் கை வைப்பேன்?

சொல்லணும்.

"நானும் வரேன். அதைப் போட்டவன் நான்" என்றான்.

ஆபான் 16, புதன்

வீடு வீடாக ஏறி இறங்குகிறோம். ஒருத்தி கதவைச் சாத்தினாள். ஒருத்தி தேநீர் கொடுத்துவிட்டுத் திட்டினாள். கல்யாணப்பெண் குல்நாரின் அம்மா மட்டும், "நீயே வந்து சொன்னியே, அது போதும்" என்றாள். ஆனால் கல்யாண அலங்காரத்துக்கு வேறு ஆள் பார்த்துவிட்டார்களாம்.

ஒவ்வொரு வாசலிலும் நான் வாயைத் திறப்பதற்குள் கியூமர்ஸ் முந்திக்கொள்கிறான். "தப்பு என்னோடது. அவளோடது இல்ல." குடையை என் பக்கமே சாய்த்துப் பிடித்ததில் அவன் பாதி நனைந்திருந்தான்.

மாந்தானாவின் படத்தை எடுக்கச் சொல்லிப் புகார் கொடுத்தோம். ஓரிடத்தில் எடுத்தால் இன்னோரிடத்தில் முளைக்கிறது.

ஆபான் 26, சனி

யாரும் வரவில்லை. பெண்கள் மட்டும் வரும் இடமென்று கியூமர்ஸ் கதவைத் தாழிட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தான். "எனக்காவது வெட்டிவிடேன்." வெட்டினேன். காதோரம் இவ்வளவு நரையா? எப்போது வந்தது?

ஆஸர் 8, வியாழன்

மணி அடித்தது. மாந்தானா. அவளுக்குப் பின்னால் அவள் மாமியார் ஷம்ஸி; மரியாதைக்கு 'கானும்' என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம்.

படியேறி வந்த கிழவிக்கு மூச்சு வாங்கியது. பிறகு நேராக நாற்காலிக்குப் போய் உட்கார்ந்து, தலைத்துணியை அவிழ்த்து மருமகளிடம் நீட்டினாள்.

"என் நாத்தனார் அந்த விளம்பரத்தைத் தூக்கிட்டு வம்பளக்க வந்தா. இது யாருன்னு தெரியுதான்னா. தெரியாம என்ன, என் மருமகதான், உன் பொண்ணை விட லட்சணமா இருக்கால்லன்னு கேட்டு அனுப்பிட்டேன்."

மாந்தானா ஜன்னலைப் பார்த்து நின்றாள். காது சிவந்திருந்தது.

"அதே தேன் நிறம் எனக்கும் போடு. ஆனா படம் கிடம் எடுத்தே, கையை ஒடிச்சிருவேன்."

"எடுக்க மாட்டேன், கானும்."

போனை அடுக்களையில் வைத்துவிட்டு வந்தேன். தண்ணீரின் சூட்டை மணிக்கட்டில் விட்டுப் பார்த்தேன். அவள் தலையைப் பின்னால் சாய்த்து, முழுப் பாரத்தையும் என் கைகளில் விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.