காத்திருந்தவருக்கு எட்டு மதிப்பெண்

தெம்பனிஸ்,
15-1-2025, புதன்.

மதிப்பிற்குரிய நண்பர் பிரபாகர் அவர்களுக்கு,

நலம், தங்கள் நலமறிய ஆவல். வெளிநாட்டு அச்சுறுத்தல்களை எந்த அமெரிக்க அதிபர் எவ்வாறு எதிர்கொண்டார் என்று, பன்னிரண்டு ஆண்டுகளாகத் தேக்கா சந்தைத் தேநீர்க்கடையில் அமர்ந்து நாம் மதிப்பெண் இட்டு வருகிறோம். கென்னடிக்கு ஒன்பது என்பதில் நமக்குள் பிணக்கு வந்ததே இல்லை.

கடந்த 12-ஆம் தேதி, ஞாயிறன்று, கார்ட்டருக்கு நான் எட்டு அளித்தேன். ஈரானில் 4-11-1979 முதல் 20-1-1981 வரை, 444 நாள் பிணைக்கைதிகளாக இருந்த 52 பேரும், அவர் போர் தொடுக்காமல் பொறுத்திருந்ததால் உயிருடன் திரும்பினர். நீங்கள் இரண்டு அளித்தீர்கள். அது உங்கள் உரிமை. ஆனால், "காத்திருந்து காத்திருந்தே வீட்டுல இருந்த ஆளை விட்டவரு நீங்க. உங்களுக்குக் கார்ட்டரைப் புடிக்காம வேற யாரைப் புடிக்கும்?" என்று நால்வர் முன்னிலையில் கேட்டீர்கள். மறைந்த என் மனைவி ரபியாவைக் குறித்த அச்சொல்லைத் திரும்பப் பெற வேண்டுகிறேன்.

தங்கள்,
மு. இப்ராஹீம்


செங்காங்,
20-1-2025

அன்புள்ள பாய்,

அன்னைக்குச் சொன்னது தப்பு. மன்னிச்சிருங்க. ரபியாக்கா கையால எத்தனை வருசம் நோன்புக் கஞ்சி குடிச்சவன், எனக்கு அந்த வாய் வந்திருக்கக் கூடாது. கார்ட்டருக்கு வேணும்னா ஒரு மார்க் கூடப் போடறேன். மூணு! அதுக்கு மேல கேக்காதீங்க லா.

பாய், மக ரோஷினி என்னைப் பெர்த்துக்குக் கூட்டிட்டுப் போறா. சனிக்கிழமை ஃப்ளைட். வீட்டை வித்தாச்சு, இனி திரும்பி வர்றதில்லை. அதைச் சொல்லத்தான் அன்னைக்கு வந்தேன், சண்டையில விட்டுப்போச்சு. போன் பண்ணினா எடுக்க மாட்டேங்கிறீங்க. எனக்கு இப்ப முட்டி வலி, லிஃப்ட் வரைக்கும்கூட நடக்க முடியலை. வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு மேல வாங்க. ஒரு தடவை பாத்துட்டுப் போயிடறேன்.

பிரபா


தெம்பனிஸ்,
27-1-2025, திங்கள்.

அன்புள்ள பிரபா,

கடிதம் 22-ஆம் தேதி கிடைத்தது. 24-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, மாலை 5.10-க்கு உங்கள் அடுக்குமாடி புளோக்கிற்கு வந்துவிட்டேன். தவறு செய்தவர் இறங்கி வரட்டும் என்று கீழ்த்தளத்தில் கல் மேசையருகே அமர்ந்திருந்தேன். முட்டி வலி என்று நீங்கள் எழுதியிருந்தது தெரிந்தேதான் அமர்ந்திருந்தேன். 6.45-க்கு ரோஷினி ஒரு புதுப் பெட்டியுடன் லிஃப்டில் ஏறினாள். அவள் என்னைப் பார்க்கவில்லை; நானும் அழைக்கவில்லை. 7.20-க்குப் பேருந்து ஏறினேன்.

ரபியாவுக்கு உடனே அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்று மருத்துவர் 3-6-2019 அன்று கூறினார். அவள் சரியென்றாள். நான்தான், கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம் என்றேன். 21-6-2019, வெள்ளிக்கிழமை, அவள் போய்விட்டாள். அந்தப் பதினெட்டு நாள் காத்திருந்தது உங்களுக்குத் தெரியும்; அவள் சரியென்றதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நீங்கள் சொன்னதில் பிழையில்லை, பிரபா. அதைத் திரும்பப் பெற வேண்டாம்.

சனிக்கிழமை முதல் உங்கள் தொலைபேசி எண் இயங்கவில்லை. பெர்த் முகவரியை நீங்கள் எழுதவில்லை. இதைச் செங்காங்குக்கே அனுப்புகிறேன்.

உங்கள்,
இப்ராஹீம்