நீ அனுப்பிய பெரிய தாளில் கோட்டைச் சேதி

எங்கே இருந்தாலும் ஒரு காதை இந்தப் பக்கம் வைத்திருக்கும் என் நைனாவுக்கு, உன் மகள் மங்கா எழுதிக்கொள்வது.

நாளைக்கு உனக்கு முதல் வருஷப் படையல். சாப்பாடு முடிந்ததும் முசாபரி பங்களா வராந்தாவில் எல்லோரையும் உட்காரவைத்து இந்தக் கடிதத்தை வாசிக்கச் சொல்லியிருக்கிறேன். வாசிக்கப்போவது வேறு யார், உன் சிநேகிதர், பஸ் ஷெட் காதர் பாய்தான். எழுதியிருப்பதற்கு மேல் ஒரு சொல் கூட்டக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

"ஒன்னே ஒன்னு கூட்டிக்கலாமா தாயி?" என்று கேட்டார்.

கூடாது என்றேன். ஏன் கூடாது என்பது உனக்குத் தெரியுமோ, தெரியாமலே போய்விட்டாயோ, அதுதான் ஊர் திரும்பியதிலிருந்து எனக்கு விளங்கவில்லை. அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

முதலில் இங்கத்திய சேதி. பங்களாவில் வந்து தங்குகிறவர்களுக்குச் சமைக்கிற உன் வேலையை எனக்கே கொடுத்திருக்கிறார்கள். காவலுக்கு மட்டும் வேறு ஆள். நல்ல மனுஷன்தான், ஆனால் சாவியைக் கையில் கொடுத்ததும் தன் பாட்டுக்குப் போய்விடுகிறார். திருவாலங்காட்டுக்கு எப்படிப் போவது, சந்திரகிரிக் கோட்டைக்கு எந்த ரயில், நம் திருத்தணி மலைப்படி எத்தனை மணிக்கு ஏறினால் கால் சுடாது என்றெல்லாம் உன்னைப்போல் நின்று சொல்வதில்லை.

நீ மட்டும் என்ன, மலையைத் தவிர அதில் ஒன்றையாவது பார்த்திருக்கிறாயா? "போய்ட்டு வந்து சொல்லுங்க" என்று அனுப்பிவைப்பாய். வந்தவர்களுக்குச் சூடாகக் காபி கொடுத்துவிட்டு, பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகக் கேட்பாய். அடுத்து வருகிறவரிடம் நேற்றுத்தான் நீயே பார்த்துவிட்டு வந்தமாதிரி அளப்பாய். எனக்குச் சிரிப்பாக வரும். அதுதான் உன் யாத்திரை என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

பிரெஞ்சுக்காரத் துரை வந்து தங்கிய அந்தப் பங்குனி ஞாபகம் இருக்கிறதா? புதுச்சேரியில் உத்தியோகம் முடித்து ஊர் திரும்ப இருந்தவர். பழைய கட்டடம் எங்கே இருந்தாலும் போய் உட்கார்ந்து படம் வரைகிற பைத்தியம் அவருக்கு. நம் பங்களாவில் பத்து நாள் தங்கி, தினம் ஒரு கோயிலுக்குப் போய்விட்டுச் சாயங்காலம் வந்துவிடுவார். நீ வழக்கம்போல் கதை கேட்க நின்றாய். அவரோ தன் ஊர்க் கதையை ஆரம்பித்தார்.

"எங்க பக்கமும் இப்படித்தான். ஆத்தோரம் ஒரு ஊர். அங்கே தங்கி, தினம் ஒரு ஷாத்தோ" என்றார்.

நீ போய்க் கதவைச் சாத்தினாய்.

அவர் ஒன்றும் புரியாமல், "நிறைய ஷாத்தோ. பெரிய பெரிய ஷாத்தோ" என்றார். நீ ஜன்னல்களையும் சாத்தினாய். பங்குனி வெயிலில் நாலு பக்கமும் அடைத்த அறையில் அந்த மனிதர் வேர்த்து வழிந்துகொண்டு, இன்னும் உற்சாகமாக ஷாத்தோ ஷாத்தோ என்கிறார். சாத்துவதற்கு வேறு எதுவும் இல்லாமல் நீ என்னைப் பார்க்கிறாய். கடைசியில் அவர் பென்சிலை எடுத்துப் படம் போட்டுக் காட்டிய பிறகுதான், அது அவர்கள் பாஷையில் கோட்டைக்குப் பேர் என்று தெரிந்தது. அதிலிருந்து நம் வீட்டில் கோட்டைக்குச் 'சாத்து' என்றே பேர் நிலைத்துவிட்டது.

அவர் மகளுடைய கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆயா வேண்டும், கூடவே சீமைக்கு வரவேண்டும் என்று அவர் கேட்டதும், நீ என்னைக் கை காட்டியதும், நம் சனம் உன்மேல் பாய்ந்ததும் மறக்குமா? கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு உன் அடுப்படிக்கே திரும்பி வந்தவள் நான்.

"அறுத்துட்டு வந்த பொண்ண கப்பல்ல ஏத்தி அனுப்புறியே, நாலு பேரு இன்னா சொல்வாங்க?" என்று பெரியப்பா குதித்தார்.

"நாலு பேரும் வரட்டும்ணா. பங்களாவுல எடம் இருக்குது. தங்கிகினு நிதானமா பேசட்டும்" என்றாய்.

அந்த ஒரு பதிலுக்காகவே நான் உனக்கு ஆயுசு முழுக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். பதிலுக்கு நீ கேட்டது ஒன்றே ஒன்றுதான். அரக்கோணம் ஸ்டேஷனில் ரயில் நகரும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாய். "அந்தச் சாத்தெல்லாம் பாத்துட்டு எழுதும்மா. நான் வர்றவங்களுக்குச் சொல்லணும்" என்றாய்.

பார்த்தேன் நைனா. எழுதவில்லை.

ஊர் பேர் ஆம்புவாஸ். லுவார் என்று ஓர் ஆறு, நம் கொசஸ்தலை மாதிரி மணல் திட்டுகளோடு, ஆனால் எப்போதும் தண்ணீரோடு. ஊருக்கு நடுவிலேயே மேட்டில் ஒரு கோட்டை, சண்டையில் அடிபட்ட இடங்களைக் கொத்தனார்கள் பூசிக்கொண்டிருந்தார்கள். துரை அங்கே ஓர் அம்மாவின் வீட்டு மாடியை எடுத்துக்கொண்டு, சுற்றுவட்டாரத்துக் கோட்டைகளை ஒவ்வொன்றாக வரையக் கிளம்பினார். காலையில் அவருடைய ஓட்டைக் காரில் போவோம், விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்பிவிடுவோம். அந்த வீட்டுக்கார அம்மா வாசலில் நின்று இப்படிப் போங்கள், அப்படிப் போகாதீர்கள் என்று கையை ஆட்டி வழி சொல்வாள். சாயங்காலம் ரசம் மாதிரி ஒன்றைச் சூடாக ஊற்றிக் கொடுத்துவிட்டு, பார்த்தீர்களா என்று கேட்பாள். முதல் தடவை அவள் அப்படிக் கேட்டதும் நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடிவிட்டேன். அழுததை யாரும் பார்க்கக்கூடாது.

அன்றைக்கே உனக்கு மூன்று பக்கம் எழுதினேன். எழுதிப் படித்துப் பார்த்தேன். உனக்கோ எழுத்துத் தெரியாது, கண்ணிலும் பூ விழுந்திருந்தது. காதர் பாய்தான் வாசிப்பார், அதுவும் வராந்தாவில், அவருடைய பஸ் ஷெட் குரலில். பெரியப்பா இருப்பார், பூக்காரம்மா இருப்பாள், தபால்காரரும் போகாமல் நிற்பார். நான் அழுதது ஊருக்கே தெரிந்தால் உன்னை என்ன பேசுவார்கள்? கிழித்துப் போட்டுவிட்டு, இரண்டு வரி எழுதினேன். 'நான் நலம். நேற்று ஒரு கோட்டை பார்த்தோம். உடம்பைப் பார்த்துக்கொள்.' அப்புறம் அதுவே பழக்கமாகிவிட்டது. சுதந்திரம் வந்த சேதிக்குக்கூட இரண்டு வரிதான்.

நடுவில் ஒரு பார்சல் அனுப்பினாயே, அதைச் சொல்லவேண்டும். பிரித்தால் ஒரு கட்டு புல்ஸ்கேப் தாள். கூடவே காதர் பாய் கையெழுத்தில், 'பெரிய தாளில் எழுதச் சொல்கிறார் உன் நைனா, கண் கெட்டுவிடுமாம்' என்று ஒரு துண்டு. என் எழுத்து என்ன அவ்வளவு சின்னதா, கிழவருக்கு என்ன ஆயிற்று என்று சிரித்துக்கொண்டேன். தாளையெல்லாம் குழந்தைக்குக் கிறுக்கக் கொடுத்தேன்.

ஐப்பசியில் நீ போனாய். காதர் பாயின் கடிதம் வந்து சேரும்போது உனக்குக் காரியமெல்லாம் முடிந்திருந்தது. மார்சேலில் கப்பல் கிடைத்து நான் திருத்தணி வந்து இறங்கியது தை மாதம்.

வந்த மறுநாளே பூக்காரம்மா கேட்டாள். "ஏம்மா மங்கா, அந்தக் கோட்டையில ராணி படுக்கற கட்டிலுக்கு அடியில சக்கரம் வச்சிருக்காங்களாமே, சங்கிலிய இழுத்தா கட்டிலே சுத்துமாமே?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. தபால்காரர் வந்து, கோட்டைக் கதவுக்கு மணி அடித்துப் பச்சைக்கொடி காட்டுவார்களாமே என்றார். நான் எழுதாத கோட்டைகளெல்லாம் ஊர் பூராவும் எழும்பி நிற்கின்றன. நேரே காதர் பாயின் ஷெட்டுக்குப் போனேன். ஆர்.கே.பேட்டை போகிற கரிப் புகை பஸ்ஸுக்கு அடியில் படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் வெளியே வந்தார். கையைத் துடைக்கிறார், துடைக்கிறார், துடைத்துக்கொண்டே இருக்கிறார்.

"இன்னா தாயி பண்றது? காயிதத்தப் பிரிச்சா ரெண்டு வரி. அதப் படிச்சிட்டு நிமுந்து பாத்தா, உங்க நைனா கண்ண மூடிகினு காதக் குடுத்துகினு குந்திகினு இருக்காரு. 'ஆங், அப்புறம்?'னு கேக்கறாரு. அப்புறம் எங்க இருக்குது? நான்தான் போட்டேன்."

"நீங்க கோட்டை பாத்திருக்கீங்களா பாய்?"

"வேலூர்க் கோட்டைய பஸ்ஸுல போசொல்ல பாத்திருக்கறேன். மத்ததெல்லாம் அரக்கோணம் லோகோ ஷெட்டு, இஞ்சின சக்கரத்துல ஏத்தி சுத்தி வுடறத பாத்து போட்டது."

கோபமாகத்தான் போயிருந்தேன். அங்கேயே டயர்மேல் உட்கார்ந்து சிரித்தேன், சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாயிற்று என்று தெரியவில்லை. அவர் கைத்துணியைக் கீழே வைத்தார். பிறகு தயங்கித் தயங்கி இன்னொன்று சொன்னார்.

"ஒரு தபா அவரு காயிதத்த வாங்கி வெரலால தடவிப் பாத்தாரு. 'இம்மாத்தூண்டு காயிதத்துல இவ்ளோ சங்கதியா காதரு?'ன்னாரு. எனக்குத் திக்குன்னு ஆயிடுச்சு. 'பொடி எழுத்துங்க, பொண்ணு எறும்பாட்டம் எழுதியிருக்குது'ன்னேன்."

"நைனா இன்னா சொன்னாரு?"

"'ஆங்'ன்னாரு. காயிதத்த இன்னொரு தபா தடவிப் பாத்தாரு. அப்பால, 'பாவம், கண்ணு கெட்டுப் பூடும். பெரிய காயிதமா வாங்கி அனுப்பு'ன்னாரு."

நைனா, பூ விழுந்த உன் கண்ணுக்கு அந்த இரண்டு வரி தெரிந்ததா, தெரியவில்லையா? காதர் பாய் சொன்னதை நம்பி என் கண்ணுக்காகக் கவலைப்பட்டாயா? இல்லை, எல்லாம் தெரிந்துகொண்டு, அவர் முகமும் வாடாமல் என் முகமும் வாடாமல், இன்னும் கொஞ்சம் எழுதேன் என்று என்னைக் கேட்டாயா? கேட்டது அதுதான் என்றால், நான் அதைப் புரிந்துகொள்ளாமல் குழந்தையைக் கிறுக்கவிட்டேனே.

நீ அனுப்பிய தாள்களில் குழந்தை கிறுக்காமல் விட்டது நாலு மிச்சம் இருந்தது. அதில்தான் இதை எழுதுகிறேன். இனி நான் சொல்வது நிஜமான கோட்டை, கேட்டுக்கொள்.

செனோன்சோ என்று ஒன்று. ஆற்றுக்குக் குறுக்கே பாலம் மாதிரி கட்டி, அதன்மேல் நீளமாக ஒரு கூடம். இந்தக் கரையில் ஒரு கதவு, கூடத்தைக் கடந்தால் அந்தக் கரையில் ஒரு கதவு. சண்டை நடந்தபோது அந்த ஆறுதான் எல்லையாம். இந்தப் பக்கம் ஜெர்மன்காரன் பிடியில், அந்தப் பக்கம் அவன் இல்லை. உயிருக்குப் பயந்தவர்கள் இப்படி நுழைந்து அப்படி வெளியே போய்ப் பிழைத்தார்கள் என்று அங்கே காவல் இருந்த பெரியவர் சொன்னார், துரை எனக்குத் தமிழில் சொன்னார். நான் போன அன்று அந்தக் கதவு சாத்தியிருந்தது. என் இடுப்பில் இருந்த குழந்தை அதைத் தட்டி, "ஷாத்தோ" என்றது. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. எதற்குச் சிரிக்கிறாய் என்று எல்லோரும் கேட்டார்கள். துரையையும் சேர்த்து, அந்தச் சீமை முழுக்கத் தேடினாலும் அது புரிகிற ஆள் ஒருவர் கிடையாது. உன்னிடம் சொல்லவேண்டும் என்று அவ்வளவு ஆசையாக இருந்தது.

இன்னொன்று ஷாம்போர். அங்கே ஒரு மாடிப்படி, ஒன்று மாதிரி தெரியும், ஆனால் இரண்டு. ஒரே நடுத்தூணைச் சுற்றி இரண்டும் முறுக்கிக்கொண்டு போகும். ஏறுகிறவர்கள் ஒன்றில், இறங்குகிறவர்கள் மற்றதில். நடுவில் ஜன்னல் சந்து இருப்பதால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியும், ஆனால் எந்தப் படியிலும் எதிர்ப்படமாட்டார்கள். நம் மலைப்படியில் இறங்கி வருகிறவர்கள் ஒதுங்கி நின்று, "அரோகரா, இன்னும் கொஞ்சந்தான்" என்று சொல்லிவிட்டுப் போவார்களே, அதற்கெல்லாம் அங்கே வழியில்லை. இப்படி ஏன் கட்டினார்கள் என்று கேட்டேன். துரை சிரித்தார். எனக்கு அப்போது வேடிக்கையாகத்தான் இருந்தது. கப்பலில் திரும்பி வரும்போதுதான் அது என்னை என்னவோ செய்தது. நான் உன்னிடம் வருவதற்கு இறங்கிக்கொண்டிருந்தேன், நீ ஏறிப் போய்விட்டாய்.

இரண்டு கோட்டையிலும் சக்கரம் இல்லை, பச்சைக்கொடி இல்லை. வருகிறவர்களிடம் சொல்வதற்கு எது நன்றாக இருக்கும் என்று நீதான் தீர்மானிக்கவேண்டும். எனக்குக் காதர் பாயின் சுற்றுகிற கட்டிலும் பிடித்துத்தான் இருக்கிறது.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். புதுக் காவல்காரர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகட்டும், வராந்தாவில் நான் நிற்பேன். திருவாலங்காட்டுக்கு வழி சொல்வேன். திரும்பி வந்தவர்களுக்குக் காபி கொடுத்துவிட்டு, "ஆங், அப்புறம்?" என்று உன்னைப்போலவே கேட்பேன். அதற்கு முன்னால் தை பிறந்ததும் திருவாலங்காட்டுக்கு நானே ஒரு தடவை போய்விட்டு வருவேன், உன் சார்பில்.

நாலாவது தாளும் முடிகிறது நைனா. சொல்லவேண்டியது இன்னும் கிடக்கிறது, இடமோ இந்த ஓரம்தான். எழுத்தைக் குறுக்கிக் குறுக்கி எழுதுகிறேன். நிஜமாகவே எறும்பு எழுத்தாகிவிட்டது, காதர் பாய் உன்னிடம் சொன்னது இப்போது பொய்யில்லை. பாய், இந்த இடத்தில் எழுத்துக் கண்ணுக்குப் பிடிபடாவிட்டால் நிறுத்திவிடாதீர்கள். இங்கே மட்டும் உங்கள் இஷ்டம்போல் கூட்டி வாசியுங்கள், நைனா காதைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

நீ கேட்டதைத் தாமதமாக எழுதும் உன் மகள்,
மங்கா