சனி மூன்று முதல் ஐந்து வரை

மார்ச் 3, செவ்வாய்

அன்புள்ள கத்திரி மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகள் வாலு எழுதுவது. போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். எங்கள் வீடு ஒன்றரை அறை. போனில் நான் மூச்சு விட்டாலே அப்பாவுக்குக் கேட்கும். பேனாவுக்குத்தான் வாய் கிடையாது.

அம்மாவின் வலது பக்கம் இன்னும் வேலைநிறுத்தத்தில்தான் இருக்கிறது. பேச்சு அரைகுறை. கட்டிலின் இடது ஓரத்தில் அப்பா ஒரு சைக்கிள் மணியைப் பொருத்தியிருக்கிறார். ஒரு தடவை அடித்தால் தண்ணீர். இரண்டு தடவை என்றால் கழிவறை. விடாமல் அடித்தால் என்மேல் கோபம்.

லிஃப்ட் மெக்கானிக் கையில் வீட்டைக் கொடுத்தால் என்ன ஆகும் தெரியுமா? கதவில் பராமரிப்புத் தாள் தொங்கும். நேரம், வேலை, பொறுப்பு, கையெழுத்து என்று நாலு கட்டம். ஆறு மணி மாத்திரை. ஆறேகால் திருப்பிப் படுக்கவைத்தல். உறுதியானதைப் பேனாவில் எழுதுவார், சந்தேகமானதைப் பென்சிலில். பொறுப்பு என்ற கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை அவர் பெயர்தான், பேனாவில். என் பெயர் பென்சிலில்கூட இல்லை. கேட்டால், "நீ போய்ப் படி."

ஒரு நாள் நானே ஒரு வரி சேர்த்தேன். 'மதியம் 1.10. அப்பா சிரித்தார். காரணம் தெரியவில்லை.' அதன் கீழே அவர் 'தவறான பதிவு' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

சிரித்துவிட்டீர்களா? இனிமேல் சிரிக்க வேண்டாம். போன ஞாயிற்றுக்கிழமை நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். அவர் பையிலிருந்த 'பழுது, பயன்படுத்த வேண்டாம்' பலகையை எடுத்து அவர் கழுத்திலேயே மாட்டினேன். விழித்ததும் கத்துவார், நான் ஓடலாம் என்று வாசலில் தயாராக நின்றேன். விழித்தார். குனிந்து படித்தார். பலகையோடே எழுந்து போய் அம்மாவுக்குக் கஞ்சி வைத்தார். சாயங்காலம்வரை கழற்றவே இல்லை.

அன்றைக்கு ராத்திரிதான் உங்கள் விலாசத்தைத் தேடி எடுத்தேன். நீங்கள் ஒரு தடவை வ

(மணி. இரண்டு தடவை. போய்விட்டு வந்தேன்.)

வாருங்கள் என்று எழுத வந்தேன். வாருங்கள்.

வாலு


மார்ச் 9, திங்கள்

அன்புள்ள மருமகளுக்கு,

மாமன் நலம். உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். கஞ்சி வந்த இடத்தில் ஒருவருடைய கிருதா கொஞ்சம் மேலே ஏறிவிட்டது. மறுபக்கத்தையும் ஏற்றிச் சமாளித்தேன். பாவி மகளே, கத்தி பிடிக்கிறவனுக்கு இப்படியா எழுதுவது?

வர ஆசைதான். ஆனால் நாற்காலி மூன்று, ஆள் நான் ஒருவன். பஸ்ஸில் வரவே இரண்டரை மணி நேரம். வந்தாலும் உன் அப்பா உள்ளே விடுவாரா? ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் சொன்னது உனக்கும் தெரியும். "ஆம்பள எத்தனை நாள் பாப்பீங்க மச்சான்? ஒரு இல்லத்துல சேத்துடலாம்" என்றேன். "இனிமே என் வாசப்படிய மிதிக்காத" என்றார். ஒன்றரை வருடம் ஆகிறது. இப்போது நீ எழுதுவதைப் பார்த்தால் நான் சொன்னதில் என்ன தப்பு? யோசித்துப் பார்.

நீ நன்றாகப் படி. அக்காவைக் கேட்டதாகச் சொல்.

மாமன்


மார்ச் 14, சனி

யோசனைத் திலகம் மாமாவுக்கு,

இல்லத்தைப் பற்றி இன்னொரு தடவை எழுதினால் உங்கள் கடைக்கு வந்து சீப்பு எல்லாவற்றையும் ஒளித்து வைப்பேன். அம்மாவுக்குக் காது நன்றாகவே கேட்கிறது. 'இல்லம்' என்று டிவியில் வந்தாலே மணி விடாமல் அடிக்கும்.

இப்போது விஷயம். அம்மாவுக்குப் பயிற்சி கொடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு அக்கா வருகிறார். அங்கே நாலாவது மாடியில் சனிக்கிழமைதோறும் மூன்று முதல் ஐந்துவரை ஒரு கூட்டமாம். வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் ஆண்கள் மட்டும், எட்டுப் பேர். டீ குடிப்பார்கள், பேசுவார்கள், முதுகு போகாமல் ஆளைத் தூக்குவது எப்படி என்று கற்றுக்கொள்வார்கள். அப்பாவைக் கூப்பிட்டார்.

"எனக்கு என்னம்மா கேடு? நான் நல்லாத்தான இருக்கேன்?"

"நல்லா இருக்கறவங்கதான் சார் வர்றாங்க."

"அப்ப எதுக்குக் கூட்டம்?"

அந்த அக்கா நேரத்தை ஒரு தாளில் எழுதி என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். எங்கள் அப்பா வேலை என்றால் பறப்பார். தனக்கு என்றால் ஒரு அடி நகர மாட்டார். அதனால் வேலையாகவே ஆக்கிவிடலாம் என்று இருக்கிறேன். அந்த ஆஸ்பத்திரி லிஃப்டைப் பார்ப்பது அப்பாவின் கம்பெனிதான். அம்மா படுத்ததிலிருந்து அப்பா அவசரப் புகாருக்கு மட்டும்தான் போகிறார்; சூப்பர்வைசர் காலையில் போகிற போக்கில் புகார்ச் சீட்டை எங்கள் தபால் பெட்டியில் போட்டுவிட்டுப் போவார். வெற்றுச் சீட்டுக் கட்டு அப்பாவின் பையிலேயே இருக்கிறது. 'நாலாவது மாடியில் விசித்திரமான சத்தம். சனிக்கிழமை மூன்று மணிக்கு வரவும்.' பொய்யும் இல்லை பாருங்கள். எட்டு ஆண்கள் சேர்ந்து டீ குடித்தால் சத்தம் வராதா?

வாலு


மார்ச் 24, செவ்வாய்

மாமா,

'செய்யாதே' என்று நீங்கள் எழுதிய கார்டு நேற்றுதான் வந்தது. நான் செய்து முடித்து மூன்று நாள் ஆகிறது.

சனிக்கிழமை கீழ்வீட்டுத் தையல்காரம்மாவை அம்மாவுக்குத் துணை வைத்துவிட்டு அப்பா கிளம்பினார். நான் போகவில்லை, சிறப்பு வகுப்பு. நடந்ததைப் பயிற்சி அக்கா நேற்று வந்தபோது சொன்னார்.

அப்பா நாலாவது மாடியில் நின்று காது கொடுத்துக் கேட்டிருக்கிறார். ஒரு சத்தமும் இல்லை. கூட்டம் நடக்கும் அறைக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நேராக மொட்டை மாடி மோட்டார் அறைக்குப் போய் லிஃப்டை நிறுத்திவிட்டார். நிறுத்துவதற்கு முன்னால் உள்ளே ஆள் இருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். இருபத்திரண்டு வருடத்தில் அதை அவர் மறந்ததே கிடையாது. அன்றைக்கு மறந்துவிட்டார்.

உள்ளே ஒரு பேக்கரிக்காரர். கூட்டத்துக்குப் பன் பெட்டியோடு வந்தவர். ஞாபகம் போய்விட்ட அவருடைய அப்பாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறார். மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவே இருட்டில் நின்று, "ஐயா, எங்கப்பா தேடுவாரு, எங்கப்பா தேடுவாரு" என்று கதவைத் தட்டியிருக்கிறார்.

அப்பா ஓடிப் போய் மின்சாரம் கொடுத்தார். ஃப்யூஸ் போய்விட்டது. கையாலேயே இறக்கலாம். ஆனால் அது இரண்டு ஆள் வேலை. ஒருவர் பிரேக்கைப் பிடிக்க வேண்டும், மற்றவர் சக்கரத்தைச் சுற்ற வேண்டும், இரண்டு பேருமே தொழில் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். கம்பெனியிலிருந்து அடுத்த ஆள் வர நாற்பது நிமிடம். உள்ளே மாட்டியவரிடம் விடாமல் பேச வேண்டும் என்பது அவர்கள் தொழிலில் சட்டம். அப்பா நாலாவது மாடிக் கதவோரம் தரையில் உட்கார்ந்து பேசினாராம். மாமா, எங்கள் அப்பா. நாற்பது நிமிடம்.

முதலில் கேபிள், பிரேக், பயப்படாதீங்க. அது ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிட்டது. பிறகு அம்மாவுக்குத் தலை சீவ வரவில்லை, சிக்கு எடுத்தால் கண்ணில் தண்ணீர் வருகிறது, அதனால் அவரே வெட்டிவிட்டார், அன்றைக்கு அம்மா கண்ணாடி கேட்டபோது உடைந்துவிட்டது என்று பொய் சொன்னார். இதெல்லாம் எனக்கே தெரியாது. கடைசியில், "மருந்து கொடுத்தமா இல்லையான்னு தாளப் பாத்தாத்தான் தெரியுது. தாள்ல தப்பா எழுதிட்டா என் பொஞ்சாதி என்னங்க ஆவா?" என்றாராம்.

உள்ளேயிருந்து அந்த ஆள் கேட்டாராம்: "நீங்களும் கூட்டத்துக்கு வந்தவரா?"

மற்ற ஏழு பேரும் அறை வாசலில் டீயோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார்களாம்.  ஒருவர் அப்பா பக்கத்தில் ஒரு டம்ளரை வைத்துவிட்டு நகர்ந்தாராம்.

வீட்டுக்கு வந்தவர், சீட்டில் இருப்பது என் எழுத்து என்று தெரிந்தும் என்னைத் திட்டவில்லை. அந்தச் சீட்டைத் தாளோடு சேர்த்துக் குத்தி, பேனாவில் எழுதினார்: 'புகார் பொய். பழுது உண்மை.' இப்போது ராத்திரி மாத்திரையை மூன்று தடவை எண்ணுகிறார். நான் நாலாவது தடவை எண்ணுகிறேன். எனக்குத் தூக்கம் வரவில்லை.

பேக்கரிக்காரர் போன் போட்டு அடுத்த சனிக்கிழமை வரச் சொன்னார். "அவளை யாருங்க பாத்துக்குவா?" என்று அப்பா வைத்துவிட்டார். தையல்காரம்மாவால் வாரா வாரம் முடியாது. நான் தூக்கினால் நானும் அம்மாவும் சேர்ந்து விழுவோம். ஒரு தடவை விழுந்திருக்கிறோம். அப்பாவுக்குச் சொல்லாதீர்கள்.

தாளில் 'சனி 3 முதல் 5 வரை, பொறுப்பு: மாமா' என்று எழுதிவிட்டேன். பென்சிலில்தான். அப்பா அதைப் பார்த்தார், அழிக்கவில்லை. ஏப்ரல் நாலு அன்று வருவீர்களா, இல்லை நானே அழித்துவிடட்டுமா?

வாலு


மார்ச் 30, திங்கள்

அன்புள்ள மருமகளே,

சனிக்கிழமை என் கடையில் நிற்க இடம் இருக்காது என்பது உனக்குத் தெரியும். கடையையும் பஸ்ஸையும் உன் அப்பாவின் கோபத்தையும் ஒன்றரை வருடமாகச் சாக்காக வைத்திருந்தேன். ஒன்றும் மிச்சமில்லாமல் பிடுங்கிவிட்டாய். உண்மையைச் சொல்கிறேன், யாரிடமும் சொல்லாதே. எனக்கு அக்காவைப் பார்க்கப் பயம். என்னைத் தெருவெல்லாம் துரத்தி அடித்தவள் அவள். இல்லம் என்று சொன்னதும் அதனால்தான். அங்கே இருந்தால் நான் பார்க்காமல் இருந்துவிடலாம்.

அவள் முடியை அவரா வெட்டினார்? எதை வைத்து வெட்டினார்? நல்ல கத்திரிக்கோல் ஒன்றைத் துடைத்துத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

அழிக்காதே.

மாமன்


ஏப்ரல் 5, ஞாயிறு

அன்புள்ள மாமாவுக்கு,

நேற்று சாயங்காலம் பஸ்ஸில் ஏறினீர்கள். இன்றே எழுதுகிறேன். நீங்கள் ஏதாவது நினைத்துக்கொண்டு போயிருப்பீர்கள் என்று எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

உள்ளே நுழைந்ததும் அம்மா மணியை விடாமல் அடித்தார்கள். நீங்கள் குளியலறைக்குள் ஓடிக் குழாயைத் திறந்துவிட்டீர்கள். குழாய்ச் சத்தத்தில் அழுகை கேட்காது என்று உங்களுக்கு யார் சொன்னது? நன்றாகக் கேட்டது. அம்மா சிரித்தார்கள். அது என்மேல் கோபம் வந்தால் அடிக்கும் மணி என்றேன் இல்லையா? துரத்தி அடிக்க முடியாதவர்கள் மணி அடிக்கிறார்கள், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நீங்கள் துண்டைப் போர்த்தி முடியைச் சரிசெய்தது, உங்கள் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துக் காட்டியது எல்லாம் எழுத மாட்டேன். அம்மா கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. இப்போதும் தலையணைக்கு அடியில் இருக்கிறது.

அப்பா வாசலில் டூல் பையை மாட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் நின்றாரே, வேலைக்குப் போகிற மாதிரி. "மச்சான், போயிட்டு வாங்க, நான் பாத்துக்கறேன்" என்றீர்கள். அவர் உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. "ரெண்டு தடவ அடிச்சா கழிவறை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். உங்களுக்கு அது வருத்தமாக இருந்திருக்கும். திரும்பி வந்ததும் நேராகத் தாளைப் பார்க்கத்தான் போனார். ஆனால் மணி ஆறு பத்து. அப்பா தாமதமாக வந்து நான் பார்த்ததே இல்லை. சட்டையில் பன் தூள்.

இன்று காலையில் பார்த்தேன். தாளில் நான் எழுதிய பென்சில் எழுத்தின் மேலேயே அப்பா எழுதியிருக்கிறார். சனி 3 முதல் 5 வரை. பொறுப்பு: மாமா. பேனாவில்.

கையெழுத்துக் கட்டம் உங்களுக்காகக் காலியாக இருக்கிறது. வரும்போது உங்கள் கண்ணாடியை மட்டும் திருப்பிக் கேட்க வேண்டாம். கிடைக்காது.

(மணி. ஒரே ஒரு தடவை. தண்ணீர்.)

வாலு